இனிஷியலுக்குள் மறைந்த வீட்டுப் பேரைத் தேடுவது எப்படி? எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை

தமிழ்நாடு-ஆந்திரா எல்லையில் திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, சித்தூர், குடியாத்தம் பக்கம் பல வீடுகளில் பேசுவது தமிழ்தான். ஆனால் கல்யாணத்தில் கோத்திரத்தோடு சேர்த்துச் சொல்லும் வீட்டுப் பேர் மட்டும் தெலுங்காக இருக்கும். 'இன்ட்டிப் பேரு' என்பார்கள். அதை முழுசாகச் சொல்லத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த எழுத்து, அவ்வளவுதான். அந்த எழுத்து விரியாமலே ஒரு தலைமுறை போய்விட்டால் அப்புறம் மீட்பது மிகவும் கடினம். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பேர் எங்கிருந்து வந்தது, இன்று எந்தெந்த ஊர்களில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்த வழிதான் கீழே இருப்பது. பேரை மட்டும் இங்கே எழுதவில்லை. அபூர்வமான பேரை வெளியில் எழுதினால் எந்தக் குடும்பம் என்று உடனே தெரிந்துவிடும், அதில் சம்மதம் கேட்காத உறவினர்களும் இருக்கிறார்கள். எடுத்துக்காட்டுகளுக்கு ஊரறிந்தவர்களின் பேர்களை எடுத்துக்கொள்கிறேன். கூகுள் ஷீட்ஸில் அட்டவணை போடவும் மொபைலில் தெலுங்கு கீபோர்டு சேர்க்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: அந்த எழுத்து யாருடையது?

தமிழ் வழக்கில் இனிஷியல் அப்பாவின் பெயர். தெலுங்கு வழக்கில் அது வீட்டுப் பேர். எல்லையில் இரண்டும் கலந்து கிடக்கும், ஒரே தெருவில்கூட.

சோதிக்க ஒரு நேரான வழி உண்டு. அப்பா, மகன் இருவரின் இனிஷியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்தணியில் 1888-இல் பிறந்த எஸ். ராதாகிருஷ்ணனின் மகன், வரலாற்றாசிரியர் எஸ். கோபால். தமிழ் வழக்கென்றால் மகன் ஆர். கோபால் ஆகியிருக்க வேண்டும். எழுத்து மாறவில்லை, ஏனென்றால் அந்த 'எஸ்' சர்வேபல்லி என்ற வீட்டுப் பேர். நெல்லூர் மாவட்டத்தில் வெங்கடாசலம் மண்டலத்தில் (மண்டலம் என்பது ஆந்திராவில் மாவட்டத்தின் உட்பிரிவு) இருக்கும் சர்வேபல்லி கிராமத்திலிருந்து வந்தது அது. 1946-இல் சென்னை மாகாணப் பிரதமரான (இன்றைய முதலமைச்சர் போன்ற பதவி) டி. பிரகாசத்தின் 'டி'யும் அப்படித்தான், டங்குடூரி. நடிகர் சித்தூர் வி. நாகையாவின் 'வி' வீட்டுப் பேர், முன்னால் நிற்கும் சித்தூர் ஊர்.

மூன்று தலைமுறைக்கு எழுத்து மாறாமல் இருந்தால் அது வீட்டுப் பேராக இருக்கலாம், ஊராகவும் இருக்கலாம். ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி வந்தால் (கோ, ரா, கோ, ரா என்று) தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள் என்று பொருள், அங்கே வீட்டுப் பேரைத் தேட வேண்டாம்.

படி 2: முதலில் வீட்டிலேயே தேடுங்கள்

பெரியப்பா, அத்தை, பெரிய பாட்டி யார் இருந்தாலும் போய்க் கேளுங்கள். அத்தையிடம் கேட்கும்போது 'பிறந்த வீட்டுப் பேர் என்ன, புகுந்த வீட்டுப் பேர் என்ன' என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தெலுங்கு வழக்கில் கல்யாணமானதும் பெண்ணுக்கு வீட்டுப் பேர் மாறிவிடும். 'நம்ம வீட்டுப் பேர்' என்று பொதுவாகக் கேட்டால் மாமாவின் பேரைச் சொல்லிவிடுவார்.

சொல்வதை அப்படியே மொபைலில் பதிவு செய்யுங்கள். எழுதிக்கொள்வது போதாது, காரணம் அடுத்த படியில் வரும்.

அப்புறம் மொய் நோட்டு. இதைப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், மனசு கேட்கவில்லை. பழைய மொய் நோட்டில் முதலில் ஊர், அடுத்து பெயர், கடைசியில் ரூபாய் என்று வரிசையாக இருக்கும். உங்கள் இனிஷியலே முன்னால் நிற்கும் வரிகளை எல்லாம் ஊரோடு குறித்துக்கொள்ளுங்கள். பங்காளிகள் அன்று எந்த ஊரில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தெலுங்கில் எழுதத் தெரிந்த ஒருவர் மொய் எழுத உட்கார்ந்த கல்யாணமாக இருந்தால் வீட்டுப் பேர் முழுசாகவே விரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

படி 3: மூன்று எழுத்தில் ஒரு பேர்

என்னை அதிக நாள் நிறுத்திவைத்த இடம் இதுதான், அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

ஒரே வீட்டுப் பேர் தமிழ்நாட்டு ஆவணத்தில் தமிழிலும், ஆந்திர ஆவணத்தில் தெலுங்கிலும், பழைய மாகாண ஆவணத்தில் ஆங்கிலத்திலும் இருக்கும். மூன்றும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தாது. தெலுங்கில் 'சர்வேபல்லி' என்று எழுதுவதைத் தமிழில் நாம் 'சர்வபள்ளி' என்று எழுதிப் பழகியிருக்கிறோம். 'வே' போய் 'வ' வந்துவிட்டது, 'ல்லி' போய் 'ள்ளி' வந்துவிட்டது. பள்ளி என்று முடியும் ஊரெல்லாம் தெலுங்கில் 'பல்லி' அல்லது 'பல்லெ'. தமிழில் கேட்ட பேரை அப்படியே தெலுங்கு எழுத்துக்கு மாற்றித் தேடினால் எதுவும் வராது. பேர் அங்கேயேதான் இருக்கும், தேடல் மட்டும் கையை விரித்துவிடும்.

அடுத்த சிக்கல் வல்லினம். 'கல்'லில் வரும் க ஒரு ஒலி, 'தங்க'த்தில் வரும் க வேறு ஒலி. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, தெலுங்கில் வேறு வேறு எழுத்து. சித்தூரை ஒட்டிய குடிபாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 'கு'வுக்கு இரண்டு ஒலி, 'டி'க்கு இரண்டு ஒலி, 'பா'வுக்கு இரண்டு ஒலி, ஆக எட்டு தெலுங்கு வடிவங்கள் சாத்தியம். அவற்றில் ஒன்றுதான் சரி, 'தங்க'த்து க-வில் தொடங்குவது. பாட்டி சொன்னதைப் பதிவு செய்யச் சொன்னது இதற்குத்தான். காதில் கேட்டால் எது என்று தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் இன்னும் மோசம். டங்குடூரியின் ஆங்கில எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது 'ட'வா 'த'வா என்று தெரியாது. பல்லி என்ற முடிவை 'ஐ'யில் முடிப்பவர் உண்டு, 'ஒய்'யில் முடிப்பவர் உண்டு, 'ஈ'யில் முடிப்பவரும் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் தெலுங்கில் சரியான வடிவத்தை முடிவு செய்யுங்கள். அதிலிருந்து தமிழ், ஆங்கில வடிவங்களை உருவாக்குங்கள். எதிர்த் திசையில் போகாதீர்கள். எழுத்துமாற்றத்துக்கு 'அக்ஷரமுகா' என்ற இலவசக் கருவியைத்தான் சிபாரிசு செய்வேன். இந்திய எழுத்து வடிவங்களுக்கு இடையே மாற்றுவதற்காகவே செய்யப்பட்டது அது. மொழிபெயர்ப்புச் செயலிகளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், பேரையே பொருள் பார்த்து மாற்றிவிடும். கிடைத்த வடிவங்களை எல்லாம் அட்டவணையில் ஒரு தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இனி எங்கே தேடினாலும் அந்தப் பட்டியல் முழுதையும் தேட வேண்டும்.

படி 4: பேரிலிருந்து ஊருக்கு

வீட்டுப் பேர்களில் பெரிய பங்கு ஊர்ப்பெயர்தான். தொழில், பட்டம், மரம், பொருள் வழியாக வந்தவையும் உண்டு. ஊர்ப்பெயர் வீட்டுப் பேராகும்போது முடிவு கொஞ்சம் மாறும். 'ஊரு' என்பது 'ஊரி' ஆகும்: கந்துகூரு ஊரிலிருந்து கந்துகூரி, டங்குடூருவிலிருந்து டங்குடூரி. 'பாடு' என்று முடியும் ஊர் 'பாட்டி' போல ஒலிக்கும். இந்த முடிவைத் திருப்பிப் போட்டு, கிடைக்கும் பெயரை வரைபடத்தில் தேடுங்கள். நெல்லூர், பிரகாசம், கடப்பா மாவட்டங்களில் இருந்து தொடங்குவது நல்லது.

ஒன்றை மறக்காதீர்கள். அந்த ஊரில் இன்று உங்கள் பேர்க்காரர்கள் யாருமே இல்லாமல் இருக்கலாம், அது இயல்பு. சர்வேபல்லியிலேயே இருக்கும்போது யாரையும் சர்வேபல்லிக்காரர் என்று அழைக்கத் தேவையில்லை. ஊரை விட்டுக் கிளம்பி வேறு ஊரில் குடியேறும்போதுதான் அந்தப் பேர் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே வீட்டுப் பேர் காட்டுவது, பேர் வைக்கப்பட்ட அன்று எந்த ஊரிலிருந்து வந்திருந்தார்கள் என்பதை. குலத்தின் முதல் ஊர் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

படி 5: எந்த ஆண்டில் எந்த மாவட்டம்?

இது தெரியாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். திருத்தணியையே பாருங்கள். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டம். 1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு அங்கே போனது. 1960 ஏப்ரல் 1-இல் எல்லை மாற்றத்தில் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம். அதே 1960-இல் சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போனது, 2022-இல் புதிதாக வந்த திருப்பதி மாவட்டத்தில் இன்று இருக்கிறது. ஊர் நகரவே இல்லை, கோப்புதான் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

அட்டவணையில் ஒவ்வோர் ஊருக்கும் இந்த வரிசையை எழுதிவிட்டு, எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தந்தக் காலத்து மாவட்டப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 1858-இல் நியமிக்கப்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகள் பெரிய புதையல் (இனாம் என்பது மானியமாகக் கொடுத்த நிலம்). இனாம் நிலம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, அப்போது யார் கையில் இருந்தது, இருவருக்கும் என்ன உறவு என்று எழுதியிருக்கும். உங்கள் ஊர் கார்வேட்டிநகரம் போன்ற ஜமீனுக்குள் இருந்திருந்தால் நில ஆவணத்தின் போக்கு வேறு. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கே அரசு ரயத்துவாரி கணக்கு (விவசாயியிடமே அரசு நேராக வரி வாங்கும் முறை) தொடங்குகிறது.

1960-க்கு முந்தைய பத்திரம் வீட்டில் இருந்தால் அதைக் கண்ணும் கருத்துமாகப் பாருங்கள். உள்ளே பெயர் சுருங்கியிருந்தாலும் அடியில் தெலுங்கில் போட்ட கையெழுத்தில் விரிந்திருக்கலாம்.

படி 6: இன்று எங்கே இருக்கிறார்கள்?

ஆந்திரப் பக்கம் இது எளிது. வாக்காளர் பட்டியலில் பெரும்பாலும் வீட்டுப் பேர் முழுசாக இருக்கும். ஆந்திர அரசின் நில ஆவணத் தளமான 'மீபூமி'யில் 1-பி (நில உரிமைப் பதிவேடு), அடங்கலைப் பட்டாதாரர் பெயர் வைத்தும் தேடலாம். தமிழ்நாட்டுப் பக்கம் பட்டியலில் பல இடங்களில் இனிஷியல்கூட இருக்காது, அங்கே மொய் நோட்டும் பத்திரமும்தான் கை கொடுக்கும்.

வாக்காளர் பட்டியல் பிடிஎஃப் படமாகத்தான் இருக்கும், எழுத்தைத் தேட முடியாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க ஓசிஆர் வேண்டும். ஒன்றிரண்டு பக்கம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் போதும். ஒரு தொகுதியே பார்க்க வேண்டுமென்றால் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள்தான், தெலுங்கு தமிழ் இரண்டும் படிக்கும், காசும் இல்லை. ஒரு பக்கத்தில் மூன்று பத்திகளாகக் கட்டங்கள் இருப்பதைக் கவனியுங்கள். அப்படியே கொடுத்தால் மூன்று கட்டங்களின் வரிகள் ஒன்றாகக் கலந்து, ஒருவர் பெயருக்கு இன்னொருவர் அப்பா வந்துவிடுவார். பக்கத்தை நெடுக்காக மூன்றாக வெட்டி, ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

சர்நேம் எண்ணிக்கை காட்டும் ஃபோர்பியர்ஸ் போன்ற தளங்களை நம் ஊர்க் கணக்குக்கு நம்ப மாட்டேன். இனிஷியலுக்குள் இருப்பவர்கள் அங்கே தெரியவே மாட்டார்கள். வெளிநாடு போன கிளைகளைப் பிடிக்க மட்டும் உதவும், அங்கே விண்ணப்பத்தில் சர்நேம் கட்டம் இருப்பதால் பேர் விரிந்து நிற்கும்.

கிடைத்த ஊர்களை யூமேப் என்ற வரைபடத் தளத்தில் புள்ளிகளாக வையுங்கள். பழைய ஆண்டுக்கு ஒரு நிறம், புதிய ஆண்டுக்கு வேறு நிறம். ஆட்கள் பெயர், கதவு எண் எதையும் வரைபடத்தில் போட வேண்டாம், ஊர் போதும்.

ஒரே பேர் இருப்பவர்கள் எல்லாரும் பங்காளிகள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் ஊரிலிருந்து கிளம்பிய பல சாதிக்காரர்களுக்கும் அதே ஊர்ப்பெயர் வீட்டுப் பேராகியிருக்கும். கோத்திரமும் குலதெய்வமும் சேர்ந்து ஒத்துப்போனால்தான் உறவு என்று எழுதுங்கள். வீட்டுப் பேரை வைத்துச் சாதி விசாரிக்கிறார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு, நியாயமான பயம் அது. முதலில் உங்கள் குடும்பம் எது, ஏன் தேடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் பிறகு கேளுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் பலமனேர் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டார்: 'எங்கள் பேர் காட்டும் ஊர் கொத்தப்பல்லி. அந்தப் பேரில் மண்டலத்துக்கு ஒரு ஊர் இருக்கிறதே, எது எங்களுடையது?' வரைபடத்தில் மட்டும் பார்த்தால் இது தீராது. குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரை நடுவில் வைத்து, அதைச் சுற்றி இருக்கும் கொத்தப்பல்லிகளை மட்டும் எடுங்கள். பத்திரத்தில் பழைய தாலுகா பெயர் இருந்தால் அதில் அடங்காதவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சியவற்றை மத்திய அரசின் லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரியில் தேடி, கிராம எண்ணை அட்டவணையில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பேர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறாக இருக்கும், பட்டியல்களைச் சேர்க்கும்போது இரண்டு கொத்தப்பல்லிகள் ஒன்றாகிவிடாது. அப்புறம் ஒவ்வொன்றின் வாக்காளர் பட்டியலையும் படி 6-இல் சொன்னபடி பாருங்கள்.