ரோமெலைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1942 அக்டோபர் 23 இரவு, எகிப்தின் எல் அலமெய்னில் பிரிட்டனின் எட்டாவது படை பீரங்கித் தாக்குதலைத் தொடங்கியபோது ஜெர்மன் தளபதி எர்வின் ரோமெல் பாலைவனத்திலேயே இல்லை. உடல்நலம் குன்றி ஆஸ்திரிய மலைப்பகுதி ஒன்றில் சிகிச்சையில் இருந்தார். அவருக்குப் பதிலாகப் படையை நடத்திய ஜெனரல் ஷ்டும்மே மறுநாளே மாரடைப்பால் இறந்தார். ரோமெல் திரும்பி வந்தது 25ஆம் தேதி மாலை. ஆனாலும் முதல் குண்டு வெடித்த கணத்திலிருந்தே பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியும் ரோமெலும் நேருக்கு நேர் மோதியதாக எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'பாலைவன நரி' என்ற பட்டப்பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் நேரும். இந்த மனிதரைப் பற்றி எழுத உட்காரும்போது ஒவ்வொரு தேதியிலும் அவர் எங்கே இருந்தார், யாருக்குக் கீழே இருந்தார், அவரிடம் என்ன இருந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பிழைகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

பிறவியிலேயே டாங்கிப் போர் நிபுணர் என்று அவரைச் சொல்வது அப்படி ஒரு பிழை. 1910இல் சேர்ந்த நாள் முதல் அவர் காலாட்படைக்காரர். முதல் உலகப் போரில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது மலைப்போர். 1917இல் இத்தாலிய எல்லையில் மட்டாயுர் மலையைக் கைப்பற்றியதற்குத்தான் 'பூர் ல மெரிட்' என்ற உயர்ந்த விருது கிடைத்தது. 1940 பிப்ரவரியில் ஏழாவது பான்சர் (டாங்கி) டிவிஷனை ஏற்கும் வரை அவர் எந்தக் கவசப் படையையும் நடத்தியதில்லை.

அந்தப் பதவி எப்படிக் கிடைத்தது என்பதை விழுங்கிவிடுவது இதைவிடப் பெரிய தவறு. போர் அனுபவங்களை வைத்து அவர் எழுதிய நூல் 1937இல் வெளிவந்து ஹிட்லரின் கவனத்தை ஈர்த்தது. 1939இல் போலந்துப் படையெடுப்பின்போது அவர் போர்முனையில் ஒரு பிரிவையும் நடத்தவில்லை. ஹிட்லரின் தலைமையகப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தார். பிறகு பான்சர் டிவிஷன் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். நாஜிக் கட்சியில் அவர் உறுப்பினர் இல்லை என்பது உண்மைதான். அதை வைத்து ஹிட்லருக்கும் அவருக்கும் தொடர்பே இல்லாததுபோல் எழுதக் கூடாது.

பதவிப் பெயர்களிலும் கவனம் வேண்டும். அன்றைய ஜெர்மன் ராணுவத்தில் 'ஜெனரல்மாயோர்' என்பது ஜெனரல் பதவிகளில் கடைசிப் படி. அதை அப்படியே மேஜர் ஜெனரல் என்று மாற்றினால் ஒரு படி உயர்த்திவிடுகிறோம். அவர் ஃபீல்டு மார்ஷல் ஆனது 1942 ஜூனில், லிபியாவின் டோப்ருக் துறைமுகம் வீழ்ந்த மறுநாள். அதற்கு முந்தைய நிகழ்ச்சிகளில் அந்தப் பட்டத்தை ஒட்டவைப்பது தவறு.

ஆப்பிரிக்காவில் அவர் நடத்தியதெல்லாம் 'ஆப்பிரிக்கா கோர்' என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. அது சில ஜெர்மன் டிவிஷன்கள் மட்டும் கொண்ட ஒரு கோர். 1941 ஆகஸ்டிலிருந்து அவர் அதைவிடப் பெரிய அமைப்பின் தலைவர், கோருக்குத் தலைமை வேறொருவர். அவர் நடத்திய படையில் இத்தாலியர்களே பெரும் பங்கு. காகிதத்தில் அவர் இத்தாலியத் தலைமைக்குக் கீழ்ப்பட்டவர். இத்தாலியர்களை வரைபடத்திலிருந்தே அழித்துவிட்டு எழுதப்படும் வரலாறு எனக்கு எப்போதும் ஆத்திரமூட்டுகிறது. செத்தவர்களில் அவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

எதிரியின் மனதை முகர்ந்தே அறிந்தார் என்ற கதையையும் கொஞ்சம் ஆற வைத்துப் பார்க்க வேண்டும். கெய்ரோவிலிருந்த அமெரிக்க ராணுவத் தூதர் வாஷிங்டனுக்கு அனுப்பிய சங்கேதத் தந்திகளை 1942 ஜூன் இறுதி வரை அச்சு நாடுகள் (ஜெர்மனி, இத்தாலி) படித்துக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் படையின் நிலையும் திட்டங்களும் அவற்றில் இருந்தன. ஜூலை 10 அன்று ரோமெலின் வானொலி ஒட்டுக்கேட்புப் பிரிவை ஆஸ்திரேலியர்கள் தெல் எல் ஈசாவில் கைப்பற்றினார்கள். சில வாரங்களுக்குள் இரண்டு காதுகளையும் இழந்தவர், அதன் பிறகு எகிப்தில் பெரிய வெற்றி எதையும் பெறவில்லை. அவருடைய துணிச்சலும் வேகமும் பொய்யல்ல. அவற்றுக்குப் பின்னால் காகிதமும் வானொலியும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எரிபொருள் இல்லாததால்தான் தோற்றார், இத்தாலியக் கடற்படை கைவிட்டுவிட்டது என்ற வாதமும் பாதி உண்மை. டோப்ருக்கைப் பிடித்ததும் நின்று, முதலில் பிரிட்டன் வசமிருந்த மால்டா தீவைக் கைப்பற்றுவது என்பதே ஒப்புக்கொள்ளப்பட்ட திட்டம். நிற்காமல் எகிப்துக்குள் போக வேண்டும் என்று வற்புறுத்தியவர் ரோமெல். ஹிட்லர் அதற்கு இசைந்தார். மால்டா தப்பியது. அங்கிருந்து கிளம்பிய விமானங்களும் நீர்மூழ்கிகளும் அவருடைய எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தன. திரிபோலியிலிருந்து எல் அலமெய்னுக்குத் தரைவழி ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். எரிபொருள் கொண்டுவரும் லாரிகளே அதில் கணிசமான பங்கைக் குடித்துவிடும். பஞ்சம் வந்தது உண்மை, அதை வரவழைத்ததில் அவர் முடிவுக்கும் பங்கு உண்டு.

வட ஆப்பிரிக்காவில் நடந்தது கறைபடாத போர் என்று எழுதுகிறவர்கள் வால்ட்டர் ரௌஃபை மறந்துவிடுகிறார்கள். 1942 ஜூலையில், ரோமெலின் படைக்குப் பின்னால் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் சென்று யூதர்களைக் கொல்வதற்காக ரௌஃபின் தலைமையில் ஒரு நாஜி எஸ்.எஸ். பிரிவு ஏதென்ஸில் காத்திருந்தது. எல் அலமெய்னைத் தாண்ட முடியாமல் போனதால்தான் அது அங்கே போகவில்லை. அந்தப் பிரிவு பிறகு துனிசியாவில் யூதர்களைக் கட்டாய உழைப்புக்கு ஓட்டியது. ஆனால் 1942 நவம்பரில் துனிஸில் தலைமை ரோமெலிடம் இல்லை. அந்தக் கொடுமையை நேரடியாக அவர் கணக்கில் எழுதுவதும் பிழை.

கடைசியாக, 1944. ஹிட்லரைக் கொல்ல முயன்றவர் என்று அவரை எழுதிவிடாதீர்கள். ஜூலை 17 அன்று நார்மண்டியில் விமானத் தாக்குதலில் மண்டை உடைந்து மருத்துவமனையில் கிடந்தவர், ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்ல முயன்ற ஜூலை 20 சம்பவத்தில் நேரடியாகப் பங்கேற்கவில்லை. சதிகாரர்களோடு அவருக்கு எவ்வளவு தொடர்பு இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. அக்டோபர் 14 அன்று புர்க்டோர்ஃப், மைசெல் என்ற இரு ஜெனரல்கள் ஹெர்லிங்கனில் இருந்த வீட்டுக்கு வந்து, நஞ்சா, நாஜி அரசின் மக்கள் நீதிமன்றத்தில் விசாரணையா என்று கேட்டார்கள். நஞ்சைத் தேர்ந்தால் மனைவிக்கும் மகனுக்கும் தீங்கு வராது என்றார்கள். உல்மில் அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடந்தது. போர்க்காயத்தால் இறந்தார் என்று அரசு அறிவித்தது. மகன் மான்ஃப்ரெட் 1945இல் உண்மையைச் சொன்னார். ஆகவே இறப்புக்கான காரணத்தைக் குறிக்கும் இடத்தில் 'காயம்' என்றும் எழுத வேண்டாம், 'மரண தண்டனை' என்றும் எழுத வேண்டாம். கட்டாயப்படுத்தப்பட்ட தற்கொலை என்று எழுதுங்கள்.