டர்போ காரில் ஈ85: முதல் டாங்க் நிரப்புவதற்கு முன்

அமெரிக்காவில் சோளம் விளையும் அயோவா, மினசோட்டா பக்கம் பல பங்க்குகளில் ஈ85, அதாவது எத்தனால் (சோளத்திலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) அதிகமாகக் கலந்த பெட்ரோல், சாதாரணமாகக் கிடைக்கும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ போன்ற 2.5 லிட்டர் டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு அதன் மேல் தனி ஆசை. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், ஆக்டேனும் அதிகம். அதனால் நாக்கிங் (கலவை நேரம் தப்பித் தானாக வெடிப்பது) வராமல் பூஸ்ட்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை) கூட்டலாம், இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) முன்தள்ளலாம். இந்த இன்ஜினின் பிஸ்டன்கள் நாக்கிங் தாங்காதவை. எனக்குப் பவரைவிட அந்தப் பாதுகாப்புதான் பெரிது.

ஆனால் எதையும் மாற்றாமல் ஊற்றிவிட்டு மிதித்தால் எரிபொருள் போதாமல் இன்ஜின் போய்விடும்.

படி 1: இன்ஜெக்டரும் பம்பும்

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஈ85-க்குச் சுமார் 9.8 கிலோ போதும். அப்படியென்றால் அதே காற்றுக்கு எடையில் ஒன்றரை மடங்கு எரிபொருள். அங்கே விற்கும் பெட்ரோலிலேயே 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது, ஈ85-இன் அடர்த்தியும் கொஞ்சம் கூடுதல். ஆகவே நடைமுறையில் லிட்டர் கணக்கில் 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழு பூஸ்ட்டில் பெட்ரோலுக்கே உங்கள் இன்ஜெக்டர் (எரிபொருளைப் பீய்ச்சும் முனை) 75 சதவீத நேரம் திறந்திருக்கிறதா? ஈ85-க்கு அது கிட்டத்தட்ட 100-ஐ எட்டிவிடும். 85-க்கு மேல் போகவே விடக்கூடாது. அதனால்தான் பலரும் நிமிடத்துக்கு 1000 சிசி அளவு இன்ஜெக்டருக்குப் போகிறார்கள். பம்ப்பும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். எத்தனாலுக்கென்றே தயாரித்ததை வாங்குங்கள். ஹோஸ், ஓ-ரிங் எல்லாவற்றுக்கும் இதே விதி. இந்தியாவில் ஈ20-க்கு (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) ஏற்றது என்று எழுதியிருக்கும் காரும் இதற்கு ஏற்றதாகிவிடாது.

படி 2: பங்க்கில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்

புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஈ85 என்ற பெயரில் விற்பதில் 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம். அமெரிக்கத் தரவிதியே அப்படி. குளிரில் வண்டி கிளம்ப வேண்டும் என்பதற்காக குளிர்காலக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுவார்கள். 80 சதவீத எத்தனாலுக்கு டியூன் செய்த (கணினி அமைப்பைச் சரிசெய்த) இன்ஜினில் 60 சதவீதத்தை ஊற்றினால் நாக்கிங்கைத் தடுக்கும் அரண் குறைந்துவிடும், டைமிங் மட்டும் பழையபடியே இருக்கும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. அளவுக்கோடு போட்ட 100 மில்லி குழாயில் 50 மில்லி தண்ணீர், 50 மில்லி எரிபொருள் ஊற்றி, மூடிக் குலுக்கி, சில நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே போகும். கீழ் அடுக்கு 90-இல் நின்றால் 40 மில்லி எத்தனால், தோராயமாக 80 சதவீதம். திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள்.

இதைவிட நல்ல வழி, எரிபொருள் குழாயில் எத்தனால் அளவை அளக்கும் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் சென்சார் பொருத்துவது. பரவலாகப் பயன்படும் வகை 50 ஹெர்ட்ஸ் காட்டினால் எத்தனால் இல்லை, 150 காட்டினால் முழுக்க எத்தனால். அதை வைத்து ஈசியூ (இன்ஜின் கணினி) தானே கலவைக்கேற்ப மாறிக்கொள்ளும். செலவைப் பார்த்து இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: டியூன்

ஈ85-இல் அனுபவமுள்ள டியூனரிடம் போங்கள். அவரோடு பேசும்போது காற்று-எரிபொருள் விகிதத்தை விட்டுவிட்டு லாம்டாவில் பேசுங்கள். எந்த எரிபொருளுக்கும் லாம்டா 1 என்றால் முழுதாக எரியச் சரியாகப் போதுமான காற்றுள்ள கலவை. பெட்ரோல் அளவில் குறித்த வைட்பேண்ட் கேஜ் (புகையை வைத்துக் கலவையை அளக்கும் மீட்டர்) ஈ85 லாம்டா 1-இல் ஓடும்போதும் 14.7 என்றே காட்டும், பயப்பட வேண்டாம். உங்கள் மாநிலத்துப் புகைச் சோதனை விதிகளையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: ஓட்டத் தொடங்கிய பிறகு

டாங்கில் பல வருடம் படிந்த அழுக்கை எத்தனால் கழுவிக்கொண்டு வரும். முதல் சில டாங்க் முடிந்ததும் எரிபொருள் ஃபில்டரை மாற்றுங்கள். மைலேஜ் 25 சதவீதத்துக்கு மேல் குறையலாம். காரை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்கைப் பெட்ரோலுக்கு மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும்.

அப்புறம் ஆயில். குளிர்ந்த இன்ஜினில் எரியாத எத்தனால் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். சின்னச் சின்னப் பயணம் மட்டும் ஓட்டுபவர்கள் வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தாலோ எரிபொருள் வாடை அடித்தாலோ, கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.