முதல் முறையாகத் தேர்தல் வேலைக்குப் போகிறீர்களா? ஒரு பூத்தை மட்டும் கையில் எடுங்கள்

என் முதல் தேர்தலில் இருபது நாள் வேட்பாளர் வேனுக்குப் பின்னால் பைக்கில் சுற்றினேன். வாக்குப்பதிவு அன்று காலை பத்து மணி வாக்கில் எங்கள் தெருக்கோடி வீட்டு ஆத்தா பள்ளிக்கூட வாசலிலிருந்து திரும்பி வந்துவிட்டார். பட்டியலில் பெயர் இல்லையாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு தேர்தல்கூட விடாமல் எங்கள் சின்னத்துக்கே போட்டவர். அவர் வாசலில் நாங்கள் மூன்று தடவை நின்று ஓட்டுக் கேட்டிருந்தோம், ஒரு தடவைகூடப் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து எனக்குத் தேர்தல் வேலை என்றால் முதலில் பட்டியல், அப்புறம்தான் மைக்.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு எண்களைச் சொல்வேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 49. 2021-ல் சென்னை தியாகராய நகரில் 137. ஒரு தொகுதியில் சுமாராக முந்நூறு பூத் என்று வைத்துக்கொண்டால் 49 என்பது ஆறு பூத்துக்கு ஒரு ஓட்டு. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கீழே சொல்லும் வேலை ஒன்றுதான், அதனால் கட்சிப் பெயர் எதையும் சொல்லாமலே எழுதுகிறேன்.

1. யாரிடம் போய் நிற்பது

மாவட்டச் செயலாளர் வீட்டுக்குப் போகாதீர்கள், அங்கே கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டியதுதான். கிராமம் என்றால் கிளைச் செயலாளர், நகரம் என்றால் வட்டச் செயலாளர். அவரிடம் "அண்ணே, நம்ம பாகத்துக்கு பூத் கமிட்டியில் யார் இருக்காங்க, நான் எந்தத் தெருவைப் பார்க்கட்டும்?" என்று கேளுங்கள். பாகம் என்பது ஒரு பூத்துக்கான வாக்காளர் பட்டியல். தெருவைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு, அதனால் உடனே சேர்த்துக்கொள்வார்கள். வட்டத்துக்குள் இரண்டு கோஷ்டி இருக்கலாம், நீ யார் ஆள் என்ற கேள்வியும் வரும். எனக்குக் கொடுத்த பாகம் இது என்று பாகம் எண்ணைச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

அரசு ஊழியர் என்றால் இந்த வேலைக்கு வரக் கூடாது. பூத் ஏஜெண்டாக, அதாவது வேட்பாளர் சார்பில் பூத்துக்குள், உட்காருவதே அவர்களுக்குத் தண்டனைக்குரிய குற்றம். சிறுவர்களைக் கொடி பிடிக்கவோ நோட்டீஸ் கொடுக்கவோ கூட்டிப் போவதையும் தேர்தல் ஆணையம் தடை செய்திருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் ஆசையாக ஓடி வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

2. பட்டியலோடு தெருவை நடந்து முடியுங்கள்

இதைத் தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் உங்கள் தொகுதி, பாகம் எண் போட்டால் பட்டியல் கிடைக்கும். அச்செடுத்து, ஒரு நீள நோட்டில் கதவு எண் வாரியாக எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். ஒரு பாகத்தில் ஆயிரம் பேர் வரை இருப்பார்கள், மாலையில் இரண்டு மணி நேரம் நடந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும்.

2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அதே வீட்டில் உயிரோடு இருந்துகொண்டு, போன தடவை போட்டோம், இந்தத் தடவையும் போடுவோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர் ஒருவராவது உங்கள் தெருவில் இருக்கலாம். அவரைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

பெயர் இல்லாதவருக்கும் புதிதாகப் பதினெட்டு முடித்தவருக்கும் படிவம் 6. முகவரி மாற்றம், பிழை திருத்தம், தொலைந்த அட்டைக்குப் பதில் புது அட்டை எல்லாவற்றுக்கும் படிவம் 8. இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7. இந்தப் படிவம் 7-ஐ எதிர்க்கட்சிக்காரர் வீடு என்பதற்காக யார் பெயரிலும் போடாதீர்கள், யார் போடச் சொன்னாலும் போடாதீர்கள். பொய்யாக எழுதிக் கொடுத்தால் சிறைவரை போகும் என்பது ஒரு பக்கம், இன்னொருவரின் ஓட்டைப் பறிக்க நினைப்பவர் கட்சி வேலைக்கே வரக் கூடாது என்பது என் எண்ணம்.

வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குச் சுமார் பத்து நாள் முன்பே படிவம் போய்ச் சேர வேண்டும். உங்கள் பாகத்தின் பிஎல்ஓ, அதாவது பட்டியல் வேலையைப் பார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர், பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். அவர்களுக்குச் சொந்த வேலை போக இது கூடுதல் சுமை. அதட்டாமல், படிவங்களைச் சரியாக நிரப்பி வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள்.

நடக்கும்போதே நோட்டில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை செய்பவர் யார், அவர் போன் எண் என்ன என்பது ஒன்று. 85 வயது தாண்டியவர்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்கள் யார் என்பது இன்னொன்று: இவர்கள் படிவம் 12டி கொடுத்தால் அலுவலர்கள் வீட்டுக்கே வந்து தபால் ஓட்டு வாங்குவார்கள், ஆனால் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். மூன்றாவது, வாக்காளர் அட்டை இல்லாதவர்கள். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ரேஷன் கார்டை எடுத்து நீட்டுவார்கள், பூத்தில் அது செல்லாது. பூத் ஸ்லிப் மட்டும் காட்டினாலும் செல்லாது. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, இப்படி ஒன்று கையில் இருக்க வேண்டும். இதை ஒவ்வொரு வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

3. வாசலில் நின்று ஓட்டுக் கேட்பது

ஏப்ரல் வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் யாரும் நல்ல முகம் காட்ட மாட்டார்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது, மாலை ஐந்திலிருந்து எட்டு. நான்கு பேர் போதும், அதில் இரண்டு பெண்களாவது இருக்கட்டும். எட்டுப் பத்துப் பேர் திமுதிமுவென்று போய் நின்றால் உள்ளே இருப்பவர் பேசவே தயங்குவார்.

அக்கா, பெரியப்பா, தம்பி என்று உங்கள் ஊர் வழக்கப்படி கூப்பிட்டு, பெயரைச் சொல்லி, பட்டியலில் அவர் பெயரும் வரிசை எண்ணும் இருப்பதைக் காட்டுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் பேச்சு தொடங்கிவிடும். அப்புறம் அவர் சொல்வதைக் கேளுங்கள். தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது என்று சொன்னால் நோட்டில் எழுதுங்கள். செய்து தருகிறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த அதிகாரம் உங்களிடம் இல்லை. எழுதிக்கொண்டேன், வேட்பாளரிடம் சேர்க்கிறேன் என்று சொல்லி, நிஜமாகவே சேர்த்துவிடுங்கள். எதிர்க்கட்சிக் கொடி கட்டிய வீட்டுக்கும் போக வேண்டும். அவர் ஓட்டு மாறாமல் போகலாம், ஆனால் நீங்கள் வந்தீர்கள் என்பது தெருவில் பேச்சாகும். விவாதம் மட்டும் வேண்டாம். சாதியையும் மதத்தையும் சொல்லி ஓட்டுக் கேட்காதீர்கள், கோயில், பள்ளிவாசல், சர்ச்சுக்குள் போய்ப் பிரசாரம் செய்யாதீர்கள்.

நோட்டீஸ் கட்டு வந்தால் பிரிப்பதற்கு முன் அடியில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் முகவரியோடு இருக்கிறதா பாருங்கள். இல்லாத நோட்டீஸைக் கொடுத்தால் மாட்டுவது தெருவில் நிற்கும் நீங்கள்தான். ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு நிற்க வேண்டும்.

4. பணம்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற பையன்களைத்தான் இந்த வேலைக்குப் பிடிப்பார்கள். இந்தப் பையை அந்தத் தெருவில் கொடுத்துவிட்டு வா என்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். பணம் கொடுத்தது வெளியே தெரிந்து 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களை நிறுத்தினார்கள், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ரத்து செய்தார்கள், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அப்படித்தான் நின்றது. மாதக்கணக்கில் வெயிலில் நடந்த தொண்டர்களின் உழைப்பு முழுக்க ஒரே நாளில் வீணானது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு.

வாசலில் நிற்கும்போது உங்கள் ஆட்கள் எவ்வளவு தருவார்கள் என்று கேட்கிற வீடும் இருக்கும். கோபப்படாதீர்கள், அவர்களை அப்படிப் பழக்கியது நம்மைப் போன்ற கட்சிக்காரர்கள்தான். நான் ஓட்டுக் கேட்க மட்டும்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். எந்தக் கட்சி கொடுத்தாலும் தேர்தல் ஆணையத்தின் 1950 எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது அதன் சி-விஜில் செயலியில் படமெடுத்து அனுப்பலாம், நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அந்தச் செயலியின் கணக்கு.

5. கடைசி இரண்டு நாள்

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பு பிரசாரம் நின்றுவிடும், வெளியூர்த் தொண்டர்கள் தொகுதியை விட்டுக் கிளம்ப வேண்டும். உள்ளூர்க்காரரான உங்களுக்கு அப்போதுதான் வேலை அதிகம். நோட்டில் குறித்த, வெளியூரில் வேலை செய்யும் ஓட்டர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று கேளுங்கள். கட்சி வண்டியில் ஓட்டர்களை பூத்துக்கு ஏற்றி வருவது சட்டப்படி குற்றம், அதைச் செய்யாதீர்கள்.

வாக்குச்சாவடிக்கு வெளியே கட்சிக்காரர்கள் போடும் மேசை முன்பு 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், 2025-ல் அதை 100 மீட்டராகக் குறைத்தார்கள். அங்கே கொடுக்கும் சீட்டு வெறும் வெள்ளைத்தாளாக இருக்கட்டும். பெயர், வரிசை எண், பாகம் எண் போதும், சின்னமோ வேட்பாளர் பெயரோ கூடாது.

6. பூத்துக்குள் உட்காருவது

ஏஜெண்டாக உட்கார வேட்பாளரோ அவருடைய தலைமை முகவரோ (அவருக்காகத் தேர்தல் வேலைகளைக் கவனிப்பவர்) கையெழுத்திட்ட படிவம் 10 வேண்டும். முந்தின நாள் இரவே வாங்கிவிடுங்கள். வாக்காளர் அட்டை, பட்டியல் நகல், இரண்டு பேனா, தண்ணீர், சாப்பாடு, மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மாத்திரை. சட்டைப்பையில் தலைவர் படம் கூடாது, கரைவேட்டியும் வேண்டாம். போன் உள்ளே வராது. ஒரு வேட்பாளருக்கு இரண்டு மாற்று ஏஜெண்ட் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே ஒருவர்தான் இருக்க முடியும்.

ஓட்டு ஏழு மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கே தொடங்கும், ஐந்து மணிக்கே அங்கே இருங்கள். பதினைந்து நிமிடம் பார்ப்பார்கள், அப்புறம் நீங்கள் இல்லாமலே நடத்திவிடுவார்கள். நாள் முழுக்க நடப்பதில் இந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நோட்டா உட்பட எல்லாப் பட்டனையும் அழுத்தி, குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட வேண்டும். வாக்குப்பதிவுக் கருவி காட்டும் எண்ணும், யாருக்கு ஓட்டு என்று சீட்டு அச்சிடும் விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று கூடவே எண்ணுங்கள். பிறகு கிளியர் செய்து மொத்தம் பூஜ்யம் என்று காட்டச் சொல்லுங்கள், விவிபேட் பெட்டி காலியாக இருப்பதையும் கண்ணால் பாருங்கள். கருவியின் வரிசை எண்ணையும் சீல்களின் எண்களையும் உங்கள் தாளில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வாக்குப்பதிவு தொடங்கியதும் முதல் அலுவலர் ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசிப்பார். உங்கள் நகலில் டிக் செய்துகொண்டே வாருங்கள், அந்த நகலை முடியும்வரை வெளியே அனுப்பக் கூடாது. வந்தவர் அந்தப் பெயருக்குரியவர் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், அந்த பூத்துக்குப் பொறுப்பான தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். சந்தேகம் என்பதற்காகவோ வேண்டாதவர் என்பதற்காகவோ ஆட்சேபித்து வரிசையை நிறுத்தாதீர்கள். உண்மையான ஆள் வந்து, அவர் ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டிருந்தால் விதி 49P-யின்படி அவருக்குத் தாளில் ஓட்டுப் போட உரிமை உண்டு. நிறையப் பேர் இது தெரியாமல் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தலைமை அலுவலரிடம் சொல்லி அந்தச் சீட்டை வாங்கிக் கொடுங்கள், அவர் எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள்.

கண் தெரியாதவருக்குத் துணையாக ஒருவர் வரலாம், ஆனால் ஒரே ஆள் நாள் முழுக்கப் பல பேருக்குத் துணை வர முடியாது. ஒருவருக்கு ஒருவர் என்பதுதான் விதி. கருவி பழுதானால் எத்தனை மணிக்கு நின்றது, அப்போது மொத்தம் எத்தனை ஓட்டு, எத்தனை மணிக்கு மறுபடி தொடங்கியது என்று எழுதிவையுங்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் மற்றக் கட்சி ஏஜெண்ட் உங்கள் ஊர்க்காரர்தான், டீயைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பல தகராறுகள் அந்த டீயிலேயே தீர்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

7. மாலையில் எழுந்து போய்விடாதீர்கள்

நேரம் முடியும்போது வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. தலைமை அலுவலர் வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி எண் போட்ட சீட்டுக் கொடுத்துக்கொண்டே வருவார். கடைசி ஓட்டு விழுந்ததும் குளோஸ் பட்டனை அழுத்தி மொத்த எண்ணைக் காட்டுவார்கள். பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடாமல் போனவர் யாராவது இருந்தால் அந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு சீல் வைப்பார்கள், அதிலும் நீங்கள் கையெழுத்துப் போடலாம்.

அடுத்து படிவம் 17சி. அந்த பூத்தில் பதிவான ஓட்டுகளின் கணக்கு அதுதான். ஏஜெண்டுக்கு நகல் தர வேண்டியது தலைமை அலுவலரின் கடமை. காலை ஐந்து மணியிலிருந்து உட்கார்ந்த அலுப்பில் வாங்காமல் கிளம்பிவிடுகிற ஏஜெண்டுகள் உண்டு, அப்புறம் வாக்கு எண்ணிக்கை அன்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. நகலில் தலைமை அலுவலரின் கையெழுத்தும் கருவியின் எண்ணும் நீங்கள் காலையில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். போகும் வழியில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை நோட்டுக்குள் வையுங்கள். அலுவலர் தந்த நகலை அன்றிரவே தலைமை முகவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.