சிங்கப்பூரில் தீபாவளி: முந்தின ராத்திரியிலிருந்தே ஆரம்பியுங்கள்

தீபாவளிக்குச் சிங்கப்பூர் வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள். இங்கே பண்டிகை முந்தின ராத்திரியே களைகட்டிவிடும். லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் சந்தை நள்ளிரவு தாண்டியும் நடக்கும். பதினொன்றுக்கு மேல் போங்கள், கடைக்காரர்களே கூப்பிட்டு விலையைக் குறைப்பார்கள். அம்மாவுக்கு நான் எடுத்த புடவை மாலையில் 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்). ஒரு மணிக்குத் திரும்பப் போனபோது 25 வெள்ளிக்குக் கொடுத்தார்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேரே சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போங்கள். இந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலத்தில் இதைச் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றுதான் சொல்வார்களாம். கம்பம் என்றால் மலாயில் கிராமம். புதுத்துணியின் கஞ்சி வாசமும் மல்லிகையும் கற்பூரமும் கலந்து வர, வரிசை மெல்ல நகரும். ஊரை விட்டு வந்த முதல் வருடம் அந்த வரிசையில் நின்றபோதுதான் எனக்குத் தீபாவளி வந்த மாதிரி இருந்தது. அதனால் அவசரப்படாமல் நில்லுங்கள்.

அதே சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் சீனிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசக் காவடிகள் கிளம்புவது இங்கிருந்துதான். அப்புறம் ஃபேரர் பார்க்கில் ஊதா நிற ரயில் பிடித்தால் நான்காவது நிறுத்தம் சைனாடவுன். அங்கே 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். ஐப்பசித் தீமிதி நடப்பதும் இங்கேதான், தீபாவளிக்குச் சில நாள் முன்னதாக. முன்கூட்டியே வந்தால் அதையும் பார்க்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைப் பக்கம் வந்துவிடுங்கள். பண்டிகை நாளில் பல கடைகள் மூடியிருக்கும், திறந்திருப்பவற்றில் கூட்டம் நெரியும். பன்னிரண்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுவது நல்லது. சாப்பிட்டுவிட்டு கெர்பாவ் சாலையில் டான் டெங் நியா வீட்டைப் பாருங்கள். 1900இல் ஒரு சீன வணிகர் கட்டியது. ஒவ்வொரு கதவுப் பலகைக்கும் ஒரு நிறம். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை, பக்கத்துத் தெருவின் பெயரே பஃபலோ ரோடு. ஒரு காலத்தில் இங்கே மாட்டு வியாபாரம் நடந்ததற்கு மிச்சமிருக்கும் அடையாளம் இந்தப் பெயர்கள்தான்.

இருட்டியதும் மறுபடி சிராங்கூன் சாலை. நடைபாதை ஓரமாக நின்று பார்த்தால் அலங்கார விளக்கு வளைவுகள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கித் தெரியும்.

வெடி மட்டும் தேடாதீர்கள். 1972 முதல் இங்கே தடை. கம்பி மத்தாப்பு உண்டு. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எட்டு மணிக்குப் பிள்ளைகள் கீழே திடலுக்கு வந்துவிடுவார்கள். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை எல்லாருக்கும் ஆளுக்கொரு மத்தாப்பு. தெரிந்தவர் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போங்கள்.