நீர்வண்ணத்தில் பூ வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் சென்ற வாரம் ஒரு கொத்துக் காகிதப்பூ வரைந்தார். மனதில் கிடப்பதைப் பேசித் தீர்க்க முடியாமல் தூரிகை எடுத்தவர். படம் நன்றாகவே வந்திருந்தது. அவர் தட்டில் பிழிந்திருந்த வண்ணத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மனம் பதைத்தது. நான் ஒரு காலத்தில் பிழிந்த அதே வண்ணம். தண்ணீர் கூடிப்போவது, தூரிகையைச் சரியாகக் கழுவாதது போன்றவற்றைக் கையே பழகித் திருத்திக்கொள்ளும், அவற்றை விடுகிறேன்.

பாதி காய்ந்த இதழைத் தொடுவது

தாளின் ஈரப் பளபளப்பு அடங்கத் தொடங்கிவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். அப்போது ஈரத் தூரிகை பட்டால், புதுத் தண்ணீர் நிறத்தை விளிம்புக்குத் தள்ளிக் காலிஃப்ளவர் போல ஒரு கறையை விட்டுப்போகும்.

கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு

ஓப்பரா ரோஸ் என்று விற்கிறார்கள். ஒளிரும் சாயம் கலப்பதால் வருகிற பளிச்சென்ற நிறம் அது. வெளிச்சம் பட்டால் முதலில் போவதும் அந்தச் சாயம்தான். பி.ஆர்.83 என்ற நிறமியில் செய்த அலிசரின் கிரிம்சனும் வெளிறிப்போகும். பூச்சு மெல்லியதாக இருந்தால் இன்னும் சீக்கிரம். நீர்வண்ணத்தில் இதழ் என்றாலே மெல்லிய பூச்சுதானே!

என் தோழியின் அம்மா இறந்தபோது எனக்கு ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. அவர் வளர்த்த காகிதப்பூக் கொடியை வரைந்து கொடுத்தேன். தோழி அதைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள். மூன்று வருடம் கழித்துப் போனால், இலைகள் இருக்கின்றன, பூக்களைக் காணோம். சட்டத்தைக் கழற்றினோம். சுற்று அட்டை மூடியிருந்த ஒரு விரற்கடை அகலத்தில் மட்டும் அன்றைய சிவப்பு அப்படியே இருந்தது. தோழி அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றும் என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ட்யூபின் முதுகிலேயே எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. வண்ணத்தின் பெயரை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.வி.19 நிறமியில் செய்த குவினாக்ரிடோன் ரோஸ் அவ்வளவு மின்னாது, ஆனால் நிற்கும். ஒளி தாங்கும் தரம், ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் அளவில் 1 அல்லது 2 ஆக இருக்க வேண்டும். சந்தேகமா? ஒரு தாள் துண்டில் பூசி, பாதியைக் கனமான அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் சில மாதம் வையுங்கள். ஓப்பரா ரோஸ் இல்லாமல் முடியாது என்றால் மூடி வைக்கும் நோட்டில் வரையுங்கள். சுவருக்கோ, பரிசுக்கோ வேண்டாம். புதியவரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் கொத்தை மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார்.

கறுப்பில் நிழல்

வேண்டாம். மஞ்சள் பூவுக்கு நீர்த்த ஊதா போதும்.

மெல்லிய தாள்

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள (300 ஜி.எஸ்.எம்.) பருத்தித் தாளில் வரையுங்கள்.

வெள்ளைப் பூவுக்கு வெள்ளை வண்ணம்

பூ வரும் இடத்தில் தாளைப் பூசாமல் விட்டுவையுங்கள்.