சிரிஞ்சு, பலூன், பைக் டயர்: வாயு விதிகளைக் கையால் செய்து பார்ப்போம்

வாயுவின் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை அசைத்தால் மற்றவை சும்மா இருக்காது. சூத்திரம் ஒரே வரிதான், பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். விடை தப்பிப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். வெப்பநிலையைச் செல்சியஸிலேயே போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் மீட்டர் காட்டும் எண்ணையே முழு அழுத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

தேவையானவை: மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்சு (ஊசி வேண்டாம்), 1 லிட்டர் காலி பிளாஸ்டிக் பாட்டில், ஒரு பலூன், வெந்நீர்.

படி 1: சிரிஞ்சை அமுக்குங்கள்

தண்டை 10 வரை இழுத்து, முனையை விரலால் இறுக்கி மூடிக்கொண்டு மெதுவாக அமுக்குங்கள். 5-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 2 கிலோ எடைக்குச் சமமான அமுக்கு வேண்டும். அங்கிருந்து 2.5-க்குப் போக இன்னும் 4 கிலோவுக்குப் பக்கம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பாதி தூரம்தான், ஆனால் இரண்டு மடங்கு சிரமம். கனஅளவு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும். கால்பங்கானால் நான்கு மடங்கு. ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்ட விதி இதுதான்.

மெதுவாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வேகமாக அமுக்கினால் உள்ளே காற்று சூடாகிவிடும், அப்போது பாயில் விதி மட்டும் போதாது. சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

படி 2: பாட்டிலைச் சூடாக்குங்கள்

பாட்டில் வாயில் பலூனை மாட்டி, கை பொறுக்காத அளவு சூடான வெந்நீரில் நிறுத்துங்கள். கொதிநீர் வேண்டாம், பாட்டில் நெளிந்துவிடும். துவண்டு கிடந்த பலூன் மெல்ல நிமிரும். குளிர்ந்த நீருக்கு மாற்றினால் மறுபடி தொங்கிவிடும்.

கணக்கு இப்படி: செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின். 30 டிகிரி என்பது 303, 60 டிகிரி என்பது 333. 333-ஐ 303-ஆல் வகுத்தால் 1.1. ஆக, 1 லிட்டர் காற்று ஏறக்குறைய 100 மில்லி விரியும். செல்சியஸில் போட்டால் 60-க்கு 30, அதாவது இரட்டிப்பு என்று வரும். பலூனைப் பார்த்தாலே அது பொய் என்று தெரிந்துவிடும். செல்சியஸில் 0 என்பது தண்ணீர் உறையும் புள்ளி, காற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. காற்றுக்கு மைனஸ் 273-லிருந்துதான் எண்ண வேண்டும். பிரெஞ்சு விஞ்ஞானி சார்லஸ் 1780-களில் கண்ட இதை 1802-ல் வெளியிட்டவர் கே-லூசாக்.

படி 3: டயர் கணக்கு

சித்திரை மாதக் காலை. பாளையங்கோட்டையில் பைக்குக்குக் காற்று பிடிக்கிறீர்கள். மீட்டரில் 30 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு), டயர் 27 டிகிரி. வண்ணார்பேட்டை, ஜங்ஷன் என்று சுற்றி முடிப்பதற்குள் டயருக்குள் காற்று 57 டிகிரி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டயர் பெரிதாக விரியாது, அதனால் ஏறுவது அழுத்தம்தான்.

57-ஐ 27-ஆல் வகுத்துப் பெருக்கினால் 63 பிஎஸ்ஐ வரும். அது உண்மையானால் திருநெல்வேலியில் கோடைக்கு ஒரு டயரும் மிஞ்சாது. கெல்வினுக்கு மாற்றினால் 330-க்கு 300, அதாவது 1.1 மடங்கு. சரி, 33 பிஎஸ்ஐ-யா? அதுவும் இல்லை.

மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். வெளிக்காற்றின் அழுத்தமே 14.7 பிஎஸ்ஐ. அதையும் சேர்த்தால் 44.7. அதை 1.1-ஆல் பெருக்கினால் 49.2. திரும்ப 14.7-ஐக் கழித்தால் மீட்டரில் 34.5. ஓடிச் சூடான டயரில் எண் கூடுதலாகத் தெரிகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள், ஆறினதும் குறைந்துபோகும். காலையில் வண்டி எடுத்தவுடன் பார்ப்பதுதான் சரியான அளவு.

படி 4: மூன்றும் ஒன்றாக மாறினால்

அம்பாசமுத்திரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலைமேல் இருக்கும் மாஞ்சோலைக்குப் போய்ச் சேர்வதற்குள் உப்பிவிடும். கீழே காற்றழுத்தம் 100 கிலோபாஸ்கல், 35 டிகிரி. மேலே 90 கிலோபாஸ்கல், 20 டிகிரி என்று எடுத்துக்கொள்வோம். அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கி, கெல்வினால் வகுத்தால் வரும் எண் மாறாது. எனவே கனஅளவு 100/90 மடங்கும், அதோடு 293/308 மடங்கும் ஆகும். முதலாவது விரியச் சொல்கிறது, இரண்டாவது சுருங்கச் சொல்கிறது. பெருக்கினால் 1.06. மலைக்குளிரையும் மீறி, தடையில்லாமல் விரிய முடிந்தால் 6 சதவீதம் விரியும். பாக்கெட்டின் தாள் அவ்வளவு இடம் கொடுக்காது, அதனால்தான் விறைப்பாகிவிடுகிறது.

எங்கே செல்லாது?

சமையல் சிலிண்டரில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். வாயு வெளியேற வெளியேற திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடும். திரவம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும், சூடு மாறாதவரை, அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதனால் எவ்வளவு மீதி என்று அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. எடை போட்டு, சிலிண்டர் மேல் எழுதியிருக்கும் காலி எடையைக் கழித்துப் பார்க்க வேண்டியதுதான்.