75, 30, 350: எண்ணை நம்பி நான் சறுக்கிய இடம்

போன வாரம் ஓ.பி.யில் என் பக்கத்தில் இருந்த பயிற்சி மருத்துவர் ஒரு பெண்ணிடம் கருத்தடை மாத்திரை ஒன்றைக் கொடுத்து, "இது 75தான், லேசான மாத்திரை" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். அட்டையில் இருக்கும் எண்ணை வைத்து நாம் செய்யும் தவறுகள்தான் இவை. மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் குழம்புவதை எல்லாம் விட்டுவிடுகிறேன், அதை மருந்துக் கடைக்காரரே பிடித்துவிடுவார்.

எண் பெரிதென்றால் வீரியமும் பெரிது என்பது

புரோஜெஸ்டோஜன் என்ற ஒரு வகைப் பெண் ஹார்மோன் மட்டும் உள்ள கருத்தடை மாத்திரைகளில் டெசோஜெஸ்ட்ரெல் 75 மைக்ரோகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரெல் 30, நாரெத்திஸ்டிரோன் 350. டிராஸ்பிரினோன் 4 மில்லிகிராம், அதாவது 4,000. எல்லாம் வேறு வேறு மூலக்கூறுகள். காந்தாரி மிளகாயையும் குடைமிளகாயையும் தராசில் வைத்துக் காரம் சொல்ல முடியுமா?

கைக்குழந்தையோடு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒருவர் நாரெத்திஸ்டிரோன் அட்டையைக் காட்டினார். டெசோஜெஸ்ட்ரெல் மட்டுமே எழுதிப் பழகிய நான், "75க்கே பன்னிரண்டு மணி நேரம் தாமதிக்கலாம், இது 350, கவலைப்படாதீங்க" என்றேன். இரண்டு மாதம் கழித்து வந்தார். "லேட்டானா பரவாயில்லைன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க?" கர்ப்பம். இன்றைக்கும் அந்தக் குரலை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

டெசோஜெஸ்ட்ரெல் 75 பெரும்பாலான சுழற்சிகளில் கருமுட்டை வெளிவருவதையே நிறுத்திவிடும். நாரெத்திஸ்டிரோன் 350 ஏறக்குறைய பாதிச் சுழற்சிகளில்தான் நிறுத்தும். மற்றபடி கருப்பைவாய்ச் சளியைக் கெட்டியாக்கி விந்தணுவை மறிப்பதுதான் அதன் வேலை. அந்தக் கெட்டி ஒரு நாளில் தளர ஆரம்பித்துவிடும். வழக்கமான நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது என்ற கெடு அதனால்தான். தாண்டினால் நினைவு வந்ததும் ஒரு மாத்திரை, அப்புறம் 48 மணி நேரம் ஆணுறை.

எண் ஒன்று, எனவே மருந்தும் ஒன்று என்பது

அமெரிக்காவில் 2023இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி பெற்ற நார்ஜெஸ்ட்ரெலும் 75 மைக்ரோகிராம்தான். ஆனால் அதில் வேலை செய்வது பாதிதான், அதாவது 37.5 மைக்ரோகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல். கெடுவும் மூன்று மணி நேரம்தான்.

மாதவிடாயைத் தள்ளிப்போடும் நாரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம்

அது கருத்தடைக்கு அல்ல.

உடல் எடை கூடுதல் என்று நாளுக்கு இரண்டு மாத்திரையாக எழுதுவது

வேண்டாம்.

சாயாவையும் இதில் சேர்ப்பது

அரசு சுகாதார நிலையங்களில் தரும் சாயா (Chhaya) என்ற கருத்தடை மாத்திரை 30 மில்லிகிராம். "லெவோநார்ஜெஸ்ட்ரெலைப் போல ஆயிரம் மடங்கா?" என்று ஒரு மாணவி மிரண்டார். அது ஓர்மிலாக்சிஃபீன், ஹார்மோனே இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. ஒப்பிட அங்கே ஒன்றுமே இல்லை.